ஐடிஎக்ஸ் ஸ்கேன் 0-ன்னு பாத்து இன்டெக்ஸ தூக்கிட்டேன், மாசக் கடைசில மாட்டிக்கிட்டேன்

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன் 2023, காலை 6:12

வணக்கம் மக்களே. ராத்திரி பூரா தூங்கல, எழுத்து அப்படி இப்படி இருந்தா கண்டுக்காதீங்க.

விஷயம் இதுதான். எங்க லாரி சரக்கு பில்லிங் டேட்டாபேஸ் ஓடறது போஸ்ட்கிரெஸ் 14 சாஃப்ட்வேர்ல. பெரிய டேபிள் ஒண்ணு, ஏறக்குறைய 9 கோடி வரி. டிஸ்க் 91 சதவீதம் நெறஞ்சு போச்சு, புது டிஸ்க் கேட்டா அடுத்த குவார்ட்டர்ல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. சரி நம்மளே எடத்த காலி பண்ணுவோம்னு இன்டெக்ஸ் (டேபிள முழுசா படிக்காம வரிய சீக்கிரம் தேட உதவறது) ஒவ்வொண்ணும் எத்தனை தடவை யூஸ் ஆச்சுன்னு காட்டற பிஜி_ஸ்டாட்_யூசர்_இன்டெக்ஸஸ் வியூவ தொறந்து, அந்த எண்ணிக்கை, அதாவது ஐடிஎக்ஸ்_ஸ்கேன், 0 இருக்கறத எல்லாம் சைஸ் வாரியா வரிசைப்படுத்துனேன். மேலயே 18 ஜிபில ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தாரு. கஸ்டமர் நம்பர், இன்வாய்ஸ் தேதி ரெண்டும் சேந்த இன்டெக்ஸ். யாரும் தொடவே இல்ல, முழு பூஜ்யம். மே 24 சாயங்காலம் தூக்கிட்டேன். மேனேஜர்கிட்ட பாராட்டு கூட வாங்குனேன், அதான் இப்ப குத்துது.

நேத்து 31-ம் தேதி. ராத்திரி 10 மணிக்கு மாசக் கடைசி ஸ்டேட்மென்ட் ரிப்போர்ட் ஓடும், எப்பவும் நாலஞ்சு நிமிஷம். காலைல 3 மணிக்கும் முடியல. பிளான் (டேட்டாபேஸ் க்வெரிய எந்த வழில ஓட்டுதுங்கறது) எடுத்துப் பாத்தா ஒவ்வொரு கஸ்டமருக்கும் முழு டேபிளையும் தலைலருந்து படிச்சுட்டு இருக்கு. நிறுத்திட்டேன்.

இன்டெக்ஸ திரும்பப் போடணும், அது தெரியும். என் கேள்வி வேற. வியூ ஏன் எனக்கு பொய் சொல்லுச்சு? அந்த ரிப்போர்ட் மாசாமாசம் இந்த இன்டெக்ஸத்தான யூஸ் பண்ணிருக்கணும்?

---

பழைய_டிபிஏ · 1 ஜூன், காலை 7:03

தம்பி, வியூ பொய் சொல்லல. 0-ன்னு சொல்லுச்சு, எப்போலேர்ந்து 0-ன்னு நீங்க கேக்கல.

மூணு விஷயம் பாருங்க. சர்வர் எப்போ ஸ்டார்ட் ஆச்சுன்னு பிஜி_போஸ்ட்மாஸ்டர்_ஸ்டார்ட்_டைம் ஃபங்ஷன்ல பாருங்க. பிஜி_ஸ்டாட்_பிஜிரைட்டர் வியூல ஸ்டாட்ஸ்_ரீசெட்னு ஒரு காலம் (அதாவது நெடுவரிசை) இருக்கு, கவுன்ட்டர் கடைசியா எப்போ பூஜ்யமாச்சுன்னு காட்டும், அதுல என்ன தேதி. அப்புறம் லாக்ல "ப்ராப்பரா ஷட் டவுன் ஆகல, ஆட்டோமேட்டிக் ரெக்கவரி நடக்குது"ங்கற மாதிரி வரி ஏதாவது மே மாசத்துல இருக்கான்னு தேடுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா நீங்க பாத்துட்டு வாங்க.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், காலை 7:41

அண்ணே, ஸ்டாட்ஸ்_ரீசெட் மே 16 காலைல 4:47. சர்வர் ஸ்டார்ட்டும் அதே நேரம். லாக்ல நீங்க சொன்ன வரி அப்படியே இருக்கு.

இப்ப ஞாபகம் வருது. அன்னிக்கு ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் (இங்க தென்னாப்பிரிக்காவுல முறை வச்சு கரண்ட் கட் பண்றது), நாலு மணி நேரம் ஒரே இழுப்பா போச்சு. யுபிஎஸ் பேட்டரிக்கு முழுசா சார்ஜ் ஏறவே டைம் கெடைக்கறதில்ல, ஒரு கட் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்த கட். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடியே பேட்டரி கைய விரிச்சிருக்கு. காலைல வந்து பாத்தா எல்லாம் ஓடிட்டுதான் இருந்துச்சு, டேட்டா ஒண்ணும் போகல, அதனால யாரும் பெருசா எடுத்துக்கல.

அப்ப மே 16-லருந்து 24 வரைக்கும் வெறும் 8 நாள் கணக்க பாத்துதான் நான் தூக்கினேனா...

---

பழைய_டிபிஏ · 1 ஜூன், காலை 8:20

அதேதான். அந்த 8 நாள்ல மாசக் கடைசி வரவே இல்ல. ஏப்ரல் 30-ம் தேதி ராத்திரி அந்த இன்டெக்ஸ் வேலை செஞ்சதுக்கான எண்ணிக்கை மே 16-ல கரண்டோட போச்சு.

போஸ்ட்கிரெஸ ஒழுங்கா ஷட் டவுன் பண்ணா இந்த எண்ணிக்கை எல்லாத்தையும் டிஸ்க்ல ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டுத்தான் தூங்கப் போகும், எழுந்ததும் அதுலேர்ந்து தொடரும். ஆனா க்ராஷ் ஆகி ரெக்கவரில எழுந்துச்சுன்னா அந்த கணக்க நம்பாது, தூக்கி எறிஞ்சுட்டு பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். டேட்டாவுக்கு வால் லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கற பதிவு) இருக்கு, கவுன்ட்டருக்கு இல்ல. அதான் டேட்டா பத்திரமா இருந்தும் கவுன்ட்டர் மட்டும் போச்சு.

இன்னொன்னு, இது உங்க கேள்வில இல்ல ஆனா இதைவிட ஆபத்து. செத்த வரிய (அழிச்ச, மாத்துன வரியோட பழைய காப்பி) தானா சுத்தம் பண்ற ஆட்டோவேக்குவமும் இதே கவுன்ட்டரைத்தான் பாக்குது. டீஃபால்ட் செட்டிங்ல ஒரு டேபிள்ல செத்த வரி 50 பிளஸ் மொத்த வரில 20 சதவீதம் தாண்டுனாத்தான் வேக்குவம் கிளம்பும். உங்க 9 கோடிக்கு அது 1 கோடியே 80 லட்சம். மே 16-க்கு முன்னாடி ஒரு கோடியே எழுபது லட்சம் சேந்திருந்தா கூட, க்ராஷுக்கு அப்புறம் அது மறுபடி 0-லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிருக்கும். லோட் ஷெடிங்ல அடிக்கடி விழற சர்வர்ல பெரிய டேபிளுக்கு வேக்குவம் முறை வராமலே போகலாம். டேபிள் ஊதிட்டே இருக்கும், நீங்க டிஸ்க் பத்தலைன்னு இன்டெக்ஸ தூக்குவீங்க. கவுன்ட்டர் போனதுக்கப்புறம் டேட்டாபேஸ் பூரா ஒரு அனலைஸ் (டேபிள்ல என்ன இருக்குன்னு கணக்கெடுக்கற கட்டளை) ஓட்டணும்னு அவங்க மேனுவலே சொல்லுது. ஓட்டிட்டீங்களா?

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், காலை 8:26

இல்ல அண்ணே 😶 இப்ப ஓட்டுறேன்.

---

சாட்ஸ்வொர்த்_பையன் · 1 ஜூன், காலை 9:15

அண்ணா ஒரு கேள்வி. நான் டர்பன்ல ஜூனியர், என் தமிழ் ஆயாகிட்ட கத்துக்கிட்டது, எழுதறது அப்புறம் கோயில் கிளாஸ்ல, தப்பு இருந்தா சொல்லுங்க. ஸ்டாட்ஸ் எல்லாம் போச்சுன்னா பிளானரும் கண்ணு தெரியாம போயிடும் இல்லையா? பிளானர் ஸ்டாட்ஸ பாத்துதான பிளான் போடுது?

---

பழைய_டிபிஏ · 1 ஜூன், காலை 10:02

தமிழ் நல்லாத்தான் இருக்கு தம்பி, கேள்வி அதைவிட நல்லாருக்கு. ரெண்டுக்கும் ஸ்டாட்ஸ்னு ஒரே பேரை வச்சு குழப்பி விட்டுட்டாங்க.

பிளானர் பாக்கறது பிஜி_ஸ்டாட்டிஸ்டிக். ஒரு காலத்துல எத்தனை விதமான மதிப்பு இருக்கு, எது அடிக்கடி வருது, காலி மதிப்பு (நல்) எவ்வளவு, இதெல்லாம் அனலைஸ் எழுதி வைக்கறது. அது சாதாரண டேபிள் மாதிரியே சிஸ்டம் கேட்டலாக்ல உக்காந்திருக்கு, க்ராஷ்ல போகாது. பிஜி_க்ளாஸ், பிஜி_இன்டெக்ஸ், பிஜி_அட்ரிபியூட் எல்லாம் அதே ஜாதி. இன்னொரு பக்கம் பிஜி_ஸ்டாட்_ன்னு ஆரம்பிக்கற வியூங்க. எத்தனை தடவை படிச்சான், எழுதினான், எவன் இப்போ காத்திருக்கான்ங்கற ஓட்டக் கணக்கு.

வீட்டுப் பத்திரம் வேற, வாசல்ல இருக்கற கரண்ட் மீட்டர் வேற. மீட்டர மாத்துனா வீடு உன்னோடது இல்லைன்னு ஆயிடாது. ஆனா புது மீட்டர்ல 0 இருக்குன்னு இந்த வீட்ல யாரும் லைட்டே போட்டதில்லன்னு சொன்னா எப்படி? நம்ம நெல்லைக்காரர் அதைத்தான் சொன்னாரு.

சும்மா ஒரு பழைய கதை. ரிலேஷனல் மாடல கொண்டு வந்த எட்கர் காட் 1985-ல ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு விதிகள்னு எழுதினார்ல, அதுல நாலாவது விதியே இதுதான், டேட்டாபேஸ பத்தின விவரமும் டேபிளாவே இருக்கணும், சாதாரண டேட்டாவ கேக்கற அதே மொழில அதையும் கேக்க முடியணும்னு. அதனாலதான் நாம இன்னிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு செலக்ட் போட்டு பாக்கறோம். இதுல ஒரு கெடுதலும் இருக்கு. எல்லாமே டேபிள் மாதிரி தெரியறதால எல்லாமே டேபிள் மாதிரி நிலையா இருக்கும்னு மனசு நம்பிடுது. பாதி வியூ டிஸ்க்லேர்ந்து வருது, பாதி அந்த நிமிஷத்து மெமரிலேர்ந்து வருது, பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

---

கேப்டவுன்_சாம்பார் · 1 ஜூன், காலை 11:30

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் வாங்க, இதைவிட மோசம் காட்டறேன். 2005-ல டிஎம்வி (உள்ள என்ன நடக்குதுன்னு காட்டற வியூங்க) வந்தப்ப எல்லாரும் கொண்டாடினோம், அதுக்கு முன்னாடி சிஸ்பிராசஸஸ வச்சுக்கிட்டு தடவிட்டு இருந்தோம். ஆனா இங்க சிஸ்.டிஎம்_டிபி_இன்டெக்ஸ்_யூசேஜ்_ஸ்டாட்ஸ் இருக்கே, அதுக்கு க்ராஷ் எல்லாம் தேவையில்ல, அழகா ஷட் டவுன் பண்ணாலும் எல்லாம் போயிடும். மாசாமாசம் விண்டோஸ் பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் பண்றவங்களுக்கு எப்பவுமே ஒரு மாசத்துக்குள்ளதான் ஹிஸ்டரி. 2012-ல இன்னும் கொடுமை, இன்டெக்ஸ ரீபில்ட் பண்ணாலே அந்த இன்டெக்ஸோட கணக்கு காலி, பின்னாடி வந்த அப்டேட்ல சரி பண்ணாங்க.

2016-ல க்வெரி ஸ்டோர் (ஓடுன க்வெரி, பிளான் கணக்க சேத்து வைக்கறது) வந்ததுக்கு அப்புறம்தான் நான் நிம்மதியா தூங்கறேன். அது டேட்டாபேஸுக்குள்ளயே டிஸ்க்ல எழுதும், ரீஸ்டார்ட் தாங்கும். ஆனா டீஃபால்ட்டா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் டிஸ்க்குக்கு இறக்கும், திடீர்னு கரண்ட் போனா கடைசி கால் மணி நேரக் கணக்கு போயிடலாம். அந்த கால் மணி நேரத்துலதான பிரச்சனையே இருக்கும், அது வேற விஷயம்.

அப்புறம் மிஸ்ஸிங் இன்டெக்ஸ் டிஎம்வி, இந்த இன்டெக்ஸ் இருந்தா நல்லாருக்கும்னு யோசனை சொல்றது. அத வேதவாக்கா எடுத்துக்காதீங்க. எங்க ஆபீஸ்ல ஒரு டெவலப்பர் அது சொன்ன ஒவ்வொண்ணையும் அப்படியே போட்டு ஒரே டேபிள்ல 23 இன்டெக்ஸ். பாதி ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி, கீ காலம் ஒண்ணேதான், இன்க்ளூட் (கூட சேத்து வைக்கற காலம்) மட்டும் ஒண்ணு ரெண்டு வித்தியாசம். அது ஒவ்வொரு க்வெரியையும் தனித்தனியா பாத்து சொல்றது, ஏற்கெனவே இருக்கறதோட சேத்துப் பாக்காது, இன்சர்ட்டுக்கு என்ன செலவாகும்னும் பாக்காது.

---

எபென்_டேட்டாபேஸ்_அக்கா · 1 ஜூன், மதியம் 1:18

மொரிஷியஸ்லேர்ந்து ஒரு சலாம். எங்களுக்கு லோட் ஷெடிங் இல்ல, சைக்ளோன் இருக்கு, அது வருஷத்துல சில நாள்தான், உங்க பாட்ட கேட்டா எங்களுது பரவால்லைன்னு தோணுது.

மைஎஸ்க்யூஎல்ல மாட்டினத சொல்றேன். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா முழுக்க மெமரிதான், ரீஸ்டார்ட் ஆனா போச்சு, அது எல்லாருக்கும் தெரியும். நான் மாட்டினது டேபிள் விவரமெல்லாம் காட்டற இன்ஃபர்மேஷன் ஸ்கீமால. 8.0-க்கு மாறினதுக்கு அப்புறம் ஒரு டேபிள்ல ராத்திரி லோட் ஓடி லட்சக்கணக்குல வரி ஏறிடுச்சு, காலைல டேபிள்ஸ் வியூல டேபிள்_ரோஸ் பாத்தா நேத்தைய எண்ணே நிக்குது. லோட் ஃபெயில்னு நினைச்சு மறுபடி ஓட்டப் போயிட்டேன், கடைசி நிமிஷத்துல ஒரு கவுன்ட் போட்டதால தப்பிச்சேன். 8.0-ல இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரின்னு ஒரு வேரியபிள், டீஃபால்ட் 86400 செகண்ட், அதாவது ஒரு நாள். அது வரைக்கும் கேஷ்ல இருக்கறதையே காட்டும். அத 0 ஆக்குனா அப்பப்ப போய் கேக்கும். அப்பவும் இன்னோடிபில (மைஎஸ்க்யூஎல்லோட டீஃபால்ட் ஸ்டோரேஜ் எஞ்சின்) டேபிள்_ரோஸ் ஒரு உத்தேசம்தான், ஆடிட்டருக்கு அந்த எண்ண குடுத்துடாதீங்க.

அதே ஸ்கீமால ஆர்டினல்_பொசிஷன்னு ஒரு காலம் இருக்கும், எது எத்தனாவதுன்னு. வரிசைல என்ன இருக்குன்னு நினைக்கறவங்களுக்கு: 1998-ல எங்க ரூபாய் நோட்டுல தமிழ் வரிய ஹிந்திக்கு கீழ இறக்கிட்டாங்க, நம்ம ஜனம் சண்டை போட்டதுல நோட்டையே திரும்ப வாங்கி பழைய வரிசைல அடிச்சாங்க. செலக்ட் ஸ்டார் போட்டு காலம் வரிசைய நம்பி கோடு எழுதறவங்ககிட்ட இந்தக் கதையத்தான் சொல்லுவேன் 😄

---

சென்பியர்_முருகன்அடிமை · 1 ஜூன், மதியம் 2:05

ரீயூனியன் தீவுலேர்ந்து. நான் தமிழ் பெரியவனா ஆனப்புறம் படிச்சேன், மெதுவா எழுதுவேன்.

ஆரக்கிள்ல வி டாலர் வியூ எல்லாம் இன்ஸ்டன்ஸ் மெமரி. ரீஸ்டார்ட் ஆனா புதுசு. டிபிஏ_ஹிஸ்ட் வியூ எல்லாம் டிஸ்க்ல இருக்கு, பழைய கணக்கு கிடைக்கும், ஆனா அதுக்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸ் வேணும், அது என்டர்பிரைஸ் எடிஷனுக்கு மட்டும்தான். பிரச்சனை என்னன்னா லைசென்ஸ் இல்லன்னாலும் செலக்ட் வேலை செய்யும். கதவு திறந்து இருக்கு, உள்ள போனா பில் வரும். நீங்க யூஸ் பண்ணீங்கன்னு டிபிஏ_ஃபீச்சர்_யூசேஜ்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல எழுதிக்கும், ஆடிட் வரும்போது அதைத்தான் கேப்பாங்க. கன்ட்ரோல்_மேனேஜ்மென்ட்_பேக்_ஆக்சஸ் பாராமீட்டர "நன்" (எதுவும் வேண்டாம்) அப்படின்னு வச்சுடுங்க. காசு இல்லாதவங்களுக்கு ஸ்டாட்ஸ்பேக் இருக்கு, பழசு, இலவசம், நான் இன்னும் அதுதான்.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், மாலை 4:50

எல்லாருக்கும் நன்றி, ஆனா எனக்கு அடுத்த சனி ஆரம்பிச்சிடுச்சு.

ஆபீஸ் நேரம்கறதால கன்கரன்ட்லி (மத்தவங்க டேபிள்ல எழுதறத நிறுத்தாத முறை) போட்டு இன்டெக்ஸ் க்ரியேட் பண்ண ஆரம்பிச்சேன். மூணு மணி நேரமாச்சு, டிஸ்க்ல ஒரு ஜிபி கூட ஏறல. ஏதோ நிக்குது. இப்ப யார் என்ன ஓட்டறாங்கன்னு காட்டற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவ முழுசா எடுத்து கீழ போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க.

[இணைப்பு நீக்கப்பட்டது]

---

நடத்துனர் · 1 ஜூன், மாலை 4:58

இணைப்ப நான்தான் எடுத்தேன். தம்பி, நீங்க போட்ட அவுட்புட்ல க்வெரி காலத்துல 13 இலக்க ஐடி நம்பர் ரெண்டு, போன் நம்பர் ஒண்ணு அப்படியே இருந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் 1 ஜூலை 2021-லருந்து முழுசா அமல்ல இருக்கு, உங்க கஸ்டமர் விவரத்த பொதுவுல போட்டா உங்க வேலைக்கே ஆபத்து. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி ஓடற க்வெரிய உள்ள இருக்கற மதிப்போட அப்படியே காட்டும். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் செலக்ட், அப்டேட் மாதிரி க்வெரில மதிப்ப எடுத்துட்டு டாலர் ஒண்ணு, டாலர் ரெண்டுன்னு போட்டுக் காட்டும், அது கொஞ்சம் பரவால்ல, ஆனா அதுலயும் பாஸ்வேர்ட் மாத்தற மாதிரி கட்டளை அப்படியே வரலாம். பிட் (ப்ராசஸ் நம்பர்), ஸ்டேட், வெயிட் ஈவென்ட், நேரம் மட்டும் போடுங்க, க்வெரி வேண்டாம்.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், மாலை 5:06

ஐயோ, மன்னிச்சிடுங்க, தூக்கக் கலக்கம். நல்லவேளை பாத்தீங்க.

சுருக்கமா: என் க்ரியேட் இன்டெக்ஸ் செஷன் ஸ்டேட் ஆக்டிவ், வெயிட் ஈவென்ட் டைப் லாக், வெயிட் ஈவென்ட் விர்ச்சுவல்எக்ஸ்ஐடி, அதாவது வேற யாரோட ட்ரான்ஸாக்ஷனோ முடியறதுக்காகக் காத்திருக்கு. மத்தபடி ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்ல (ட்ரான்ஸாக்ஷன தொறந்துட்டு முடிக்காம சும்மா இருக்கறது) ஆறு செஷன் இருக்கு.

---

கேப்டவுன்_சாம்பார் · 1 ஜூன், மாலை 5:11

ஆறையும் கொன்னுடுங்க. ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்ல இருந்தாலே கன்கரன்ட்லி நிக்கும்.

---

பழைய_டிபிஏ · 1 ஜூன், மாலை 5:24

வேண்டாம் வேண்டாம், அவசரப்படாதீங்க. ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன் எல்லாமே குத்தவாளி இல்ல சாம்பார் சார். ரீட் கமிட்டட்ல (டீஃபால்ட் மோட்) வெறும் செலக்ட் போட்டுட்டு உக்காந்திருக்கறவன் ஸ்னாப்ஷாட்ட அப்பவே விட்டுருப்பான், கையில அக்சஸ் ஷேர்ங்கற லேசான லாக் மட்டும்தான், அவனால இது நிக்காது. அந்த டேபிள்ல எழுதிட்டு கமிட் பண்ணாம உக்காந்திருக்கறவன்தான் நிறுத்துவான், அவன்கிட்ட ரோ எக்ஸ்க்ளூசிவ் லாக் இருக்கும். ஆறுல ஒண்ணு பில்லிங் ஆப்போட செஷனா இருந்து நீங்க பாதில வெட்டுனா அங்க வேற கூத்து ஆரம்பிக்கும்.

ஊகம் எதுக்கு, 12-லேர்ந்து பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_க்ரியேட்_இன்டெக்ஸ்னு ஒரு வியூ இருக்கு. ஃபேஸ் காலத்துல எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு சொல்லும், கரன்ட்_லாக்கர்_பிட் காலத்துல யாருக்காக நிக்குதுன்னு பிட் நம்பரே இருக்கும். பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷன்கிட்ட உங்க செஷன் பிட்ட குடுத்தாலும் அதே ஆள காட்டிக் குடுக்கும். அந்த ஆளோட அப்ளிகேஷன்_நேம், க்ளையன்ட்_அட்ரஸ், எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் (ட்ரான்ஸாக்ஷன் ஆரம்பிச்ச நேரம்) மூணையும் பாருங்க. நடுவுல பிஜிபவுன்சர் (கனெக்ஷன பகிர்ந்து குடுக்கற சாஃப்ட்வேர்) இருந்தா அட்ரஸ் பவுன்சரோடதா இருக்கும், அப்ப அப்ளிகேஷன்_நேம்தான் கதி.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், மாலை 5:47

சொல்லவே கூச்சமா இருக்கு.

ஃபேஸ்: பில்டுக்கு முன்னாடி எழுதறவங்களுக்காகக் காத்திருப்பு, அதாவது முதல் படியே தாண்டல. லாக்கர் பிட் ஒண்ணே ஒண்ணு. எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் மே 29 மதியம் 3:20. அப்ளிகேஷன்_நேம் டிபீவர் (டேட்டாபேஸ்ல கையால க்வெரி போடற டூல்), பக்கத்துல ஸ்க்ரிப்ட் பேரும் இருக்கு. க்ளையன்ட்_அட்ரஸ் என் லேப்டாப்.

திங்கக்கிழமை ஒரு கஸ்டமரோட இன்வாய்ஸ்ல தேதி தப்பா இருக்குன்னு போன் வந்துச்சு, டிபீவர்ல மேனுவல் கமிட் மோட்ல ஒரே ஒரு வரி அப்டேட் பண்ணேன், கமிட் அமுக்கறதுக்குள்ள இன்னொரு போன். மூணு நாளா அந்த விண்டோ டாஸ்க்பார்ல அடியில கிடக்கு. லேப்டாப் பேட்டரி வேற நல்லா இருக்கு, யுபிஎஸ் பேட்டரிக்கு பதிலா அத வச்சிருக்கலாம்.

---

எபென்_டேட்டாபேஸ்_அக்கா · 1 ஜூன், மாலை 5:52

😂😂😂 தம்பி அழாதீங்க, இதுல மாட்டாதவங்க யாரு. அந்த கஸ்டமருக்கு தேதி இன்னும் மாறலையே, அவர் போன் பண்ணலையா?

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூன், மாலை 6:01

பண்ணாரு அக்கா. மாத்திட்டேன்னு சொன்னேன். என் ஸ்க்ரீன்ல மாறித்தான இருந்துச்சு.

கமிட் அமுக்கிட்டேன். ஒரு செகண்ட்ல இன்டெக்ஸ் நகர ஆரம்பிச்சிடுச்சு, ப்ளாக்ஸ்_டன் ஏறிட்டே போகுது. ராத்திரி 8 மணிக்கு எங்களுக்கு கட் இருக்கு. ஜெனரேட்டர்ல டீசல் ரொப்பச் சொல்லிட்டேன், நானே போய் அளவு பாத்துட்டு வந்தேன்.

---

பழைய_டிபிஏ · 1 ஜூன், மாலை 6:15

நடுவுல ஏதாவது ஆச்சுன்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, பாதில செத்த கன்கரன்ட்லி இன்டெக்ஸ் காணாமப் போகாது. பேரோட அங்கயே நிக்கும், எடமும் அடைக்கும், க்வெரிக்கு மட்டும் உதவாது, பல நேரம் இன்சர்ட் எல்லாம் அதையும் தூக்கிச் சுமந்துட்டு இருக்கும். பிஜி_இன்டெக்ஸ்ல இன்டிஸ்வேலிட் ஃபால்ஸ்னு இருக்கும். அத ட்ராப் பண்ணிட்டுத்தான் மறுபடி போடணும். நீங்க தூக்கறதுக்கு இன்டெக்ஸ் தேடறவராச்சே, மொதல்ல இந்த மாதிரி ஏற்கெனவே செத்தது கிடக்கான்னு பாத்திருந்தா யாருக்கும் நஷ்டமில்லாம எடம் கிடைச்சிருக்கும்.

ஐடில்_இன்_ட்ரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் டீஃபால்ட்டா 0, அதாவது எவ்வளவு நேரம் வேணா உக்காரலாம். ஆப் யூசருக்கு வேண்டாம்னா விடுங்க, ஆளுங்க கையால லாகின் பண்ற ரோலுக்காவது அரை மணி நேரம்னு வச்சுடுங்க.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 2 ஜூன், காலை 8:30

முடிஞ்சது. இன்டிஸ்வேலிட் ட்ரூ. ரிப்போர்ட்ட ராத்திரி 11 மணிக்கு ஓட்டினேன், 5 நிமிஷம். மே ஸ்டேட்மென்ட் ஒரு நாள் லேட்டா போச்சு, அதுக்கு மீட்டிங் இருக்கு.

நீங்க சொன்ன மாதிரி தேடுனேன் அண்ணே. செத்த இன்டெக்ஸ் ரெண்டு கிடந்துச்சு, ரெண்டும் சேத்து 11 ஜிபி. யாரு போட்டதுன்னு கேக்காதீங்க.

---

சாட்ஸ்வொர்த்_பையன் · 2 ஜூன், காலை 9:40

நானும் எங்க சர்வர்ல பாத்தேன் அண்ணா. எங்களுது ஏழு மாசமா விழல, ஸ்டாட்ஸ்_ரீசெட் போன அக்டோபர். 0 ஸ்கேன் நாலு இன்டெக்ஸ் இருக்கு. ஏழு மாசம்னா மாசக் கடைசி ஏழு வந்துடுச்சு, அப்ப தூக்கலாம்ல?

---

பழைய_டிபிஏ · 2 ஜூன், காலை 10:25

எப்போலேர்ந்துன்னு பாத்துட்டீங்க, சபாஷ். இப்ப எங்கேர்ந்துன்னு பாருங்க. ரீட் ரெப்ளிகா (மெயின் சர்வரான பிரைமரியோட நகல், படிக்க மட்டும்) இருக்கா? ரெப்ளிகாவோட எண்ணிக்கை அதுலயேதான் இருக்கும், பிரைமரிக்கு வராது. ரிப்போர்ட் எல்லாம் ரெப்ளிகால ஓடுனா பிரைமரில 0 காட்டும், நீங்க பிரைமரில தூக்குன அடுத்த நொடி ரெப்ளிகாலயும் போயிடும்.

அப்புறம் அந்த நாலுல யூனிக் எத்தனை? யூனிக் இன்டெக்ஸ் ஒரே நம்பர் ரெண்டு தடவை ஏறாம காவல் காக்குது, அந்த காவல் வேலை ஐடிஎக்ஸ்_ஸ்கேன்ல ஏறாது. பிஜி_இன்டெக்ஸ்ல இன்டிஸ்யூனிக் பாருங்க. மீதிக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஓடற வேலை என்னென்னன்னு கணக்குப்பிள்ளைங்கள கேளுங்க, பிப்ரவரி இயர் எண்ட் எல்லாம் உங்க ஏழு மாசத்துக்குள்ள வந்துச்சான்னு.

---

சாட்ஸ்வொர்த்_பையன் · 2 ஜூன், காலை 10:58

மூணு யூனிக் 🙈 நாலாவது ரெப்ளிகால 6 லட்சம் ஸ்கேன். ஒண்ணும் தூக்கல. ஆயா சொல்லுவாங்க, அடுப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுப் பாருன்னு.

---

கேப்டவுன்_சாம்பார் · 2 ஜூன், மதியம் 12:10

இதுக்கெல்லாம் ஒரு மானிட்டரிங் டூல் காசு குடுத்து வாங்கிப் போட்டா இவ்வளவு பேச்சே வேண்டாமே?

---

பழைய_டிபிஏ · 2 ஜூன், மதியம் 12:44

வாங்கலாம், வேண்டாம்னு சொல்லல. ஆனா டிஸ்க்குக்கே அடுத்த குவார்ட்டர்னு சொன்ன கம்பெனி டூலுக்கு என்ன சொல்லும்? அந்த டூலும் உள்ள இதே வியூவைத்தான் படிக்குது. மணிக்கு ஒரு தடவை பிஜி_ஸ்டாட்_யூசர்_இன்டெக்ஸஸ இப்போங்கற நேரத்தோட சேத்து சொந்த டேபிள்ல இன்சர்ட் பண்ற ஒரு க்ரான் வேலை (நேரம் வச்சா தானா ஓடறது), பத்து வரி கூட வராது. சாதாரண டேபிள்ங்கறதால க்ராஷ் தாங்கும். ரெண்டு நேரத்து எண்ண கழிச்சுப் பாருங்க, கழிச்சா மைனஸ் வந்தா நடுவுல ரீசெட் ஆயிருக்குன்னு அர்த்தம். சூப்பர்யூசர் கூட வேண்டாம், பிஜி_மானிட்டர் ரோல் குடுத்த ஒரு யூசர் போதும். ரெப்ளிகா இருந்தா அங்கேர்ந்தும் எடுத்து பிரைமரில எழுதுங்க.

---

மிட்ரான்ட்_நெல்லைக்காரன் · 1 ஜூலை 2023, காலை 7:05

பழைய இழைய தூசி தட்டறதுக்கு மன்னிக்கணும். க்ரான் வேலை ஜூன் 2-லருந்து ஓடுது. நடுவுல ரெண்டு தடவை கரண்ட் அடிச்சு சர்வர் விழுந்துச்சு, ரெண்டு தடவையும் வியூ 0 ஆச்சு, என் டேபிள் அப்படியே இருக்கு.

அந்த 18 ஜிபி இன்டெக்ஸோட கணக்க மட்டும் இப்ப எடுத்துப் பாத்தேன். ஜூன் 3-லருந்து 30 சாயங்காலம் வரைக்கும் ஒரு ஸ்கேன் இல்ல, மணிக்கு மணி 0, 0, 0ன்னு ஒரு பக்கம் முழுக்க. நேத்து ராத்திரி 10 மணிக்கும் 11 மணிக்கும் நடுவுல 41,306. ஓடுனது ஒரே ரிப்போர்ட்தான், நெஸ்டட் லூப் ஒவ்வொரு கஸ்டமருக்கா உள்ள இறங்கறது எல்லாம் தனித்தனி ஸ்கேனா எண்ணிருக்கு. 11 மணிக்கு அப்புறம் மறுபடி 0.